நாற்பதாவது பிரசவம்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், பிரசவம் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுவேன். டாக்டரா என்பார்கள். இல்லை. நர்ஸா என்பார்கள். அதுவும் இல்லை. ஈஸ்ட்டுக்குப் பிரசவம் பார்க்கிறேன், ரொட்டி மாவைப் பொங்க வைக்கிறதே அதே ஈஸ்ட், என்றதும் முக்கால்வாசிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள். எனக்கும் அதுதான் வேண்டும். விடாமல் கேட்கிற மீதிப் பேருக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஈஸ்ட் என்பது ஒரே ஒரு செல். வயிறு, இடுப்பு ஒன்றும் கிடையாது. உடம்பின் ஓரத்தில் கொப்புளம் மாதிரி ஒரு மொட்டு கிளம்பும். தாய்க்காரி தன் டி.என்.ஏ.வை முழுசாக ஒரு நகல் எடுத்து, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு இன்னொன்றை அந்த மொட்டுக்குள் அனுப்புவாள். ஒன்றரை மணி நேரம் போனால் மொட்டு பெருத்து, கழன்று, மகள் என்று தனியாக நிற்கும். மகள் கழன்ற இடத்தில் தாயின் மேல் வட்டமாக ஒரு தழும்பு விழும். எத்தனை மகளோ அத்தனை தழும்பு.

இந்தத் தாய்மார்களை எனக்குப் பிடிக்கும். மடிப்புக் கெட்டுப்போன பழைய புரதம், செல்லுக்குச் சக்தி தந்து தந்து ஓய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியா என்று உள்ளே சேர்ந்த குப்பையை எல்லாம் தன்னோடு நிறுத்திக்கொண்டு, நல்லதாகப் பொறுக்கி மகளுக்குக் கொடுத்து அனுப்புவார்கள். அதனால் மகள் புத்தம் புதுசாகப் பிறப்பாள். தாய் மட்டும் கிழடு தட்டிக்கொண்டே போவாள். இருபது, இருபத்தைந்து பெற்றதும் ஓய்ந்துபோவாள்.

யார் எத்தனை பெற்றாள் என்று எண்ணுவதுதான் எங்கள் வேலை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியை விட மெல்லிசான கண்ணாடி ஊசியால், பிறந்த மகளைத் தாயிடமிருந்து மெதுவாக நகர்த்தி, தட்டின் மூலையில் இருக்கிற குவியலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அசந்தால் போச்சு. மகளும் பெற ஆரம்பித்துவிடுவாள், பேத்தியும் வந்துவிடுவாள், யார் தாய் யார் மகள் என்று அந்தக் கடவுளுக்கே தெரியாது. சாயங்காலம் தட்டை ஃபிரிட்ஜில் வைத்தால் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். காலையில் எடுத்து மறுபடி ஆரம்பிப்போம். எங்கள் ஆய்வகத்தில் இந்த வேலை நடக்கிற அறையின் கண்ணாடிக் கதவில் எவரோ 'பிரசவ வார்டு, சத்தம் போடாதீர்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். யாரும் கிழிக்கவில்லை.

வார்டில் மருத்துவச்சிகள் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி என் நாத்தனார்.

அவள்தான் அங்கே முதலில் சேர்ந்தவள். நான் வந்த ஒரே வாரத்தில் என்னைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய், "அண்ணனுக்கு ஒரு பொண்ணு பாத்துட்டேன், பொறுமைசாலி" என்று சொன்னாளாம். ஒரு வாரப் பழக்கத்தில் அவ்வளவுதான் தெரியும், பாவம். கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்குக் கோபம் மூக்கு மேல் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து, நான் வெங்காயம் நறுக்கினாலும் குறை, துணி மடித்தாலும் குறை. நானும் சும்மா இருப்பவள் இல்லை. அவள் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். ஒரே வீடு, மாடியில் அவள், கீழே நாங்கள். காலையில் ஒரே பஸ். வார்டில் மதியம் வரை அவள் ஷிஃப்ட், மதியத்துக்கு மேல் என் ஷிஃப்ட். ஒருத்தி ஊசி பிடிக்கும்போது இன்னொருத்தி தட்டு தயாரிப்பாள். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் தொழில். வீட்டில் அவரை எடுக்கத்தான் ஆள் இல்லை.

இன்னொரு வித்தியாசமும் எங்களுக்குள் உண்டு. அவள் வேலை நிரந்தரம். என் வேலை தற்காலிகம். ஒவ்வொரு வருஷமும், இந்த வருஷம் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதுவே எனக்குச் சொல்லிக் காட்டுவது போல இருக்கும்.

எங்கள் புரொபசர் ஈஸ்ட்டில் ஒரு ஜீனை வெட்டி எடுத்திருந்தார். அது இல்லாவிட்டால் செல் தன் குப்பையைச் சீக்கிரம் அப்புறப்படுத்தும், அதனால் நீண்ட நாள் வாழும் என்பது அவர் எண்ணம். வெட்டிய தாய்மார்களில் பெரும்பாலோர் மற்றவர்களை விட இரண்டு மூன்று கூடுதலாகப் பெற்றுவிட்டு ஓய்ந்தார்கள். ஒருத்தி மட்டும் ஓயவில்லை. முப்பதைத் தாண்டினாள். முப்பத்தைந்தைத் தாண்டினாள். என் நாத்தனார் அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்தாள். பக்கத்து ஆய்வகத்துக்காரர்கள் டீ குடிக்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "ராணிக்கு எத்தனையாச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பதில் சொல்லி மாளவில்லை என்று கண்ணாடிக் கதவிலேயே பேனாவால் எண்ணிக்கையை எழுதி, ஒவ்வொரு பிரசவத்துக்கும் அழித்து எழுதினோம்.

நாற்பது வந்த அன்று ஒரு விருந்தாளி வந்திருந்தார். வேறு நிறுவனத்தில் பெரிய பதவியில் இருப்பவர். புரொபசர் அவரை அழைத்துக்கொண்டு நேராக வார்டுக்கு வந்தார். மதியம், என் ஷிஃப்ட். நான் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் நாத்தனார் தட்டு தயாரித்துக்கொண்டிருந்தாள்.

"நகரும்மா. நாப்பதாவது, நானே பாக்கறேன்" என்றார்.

"சார், கொஞ்சம் கஷ்டமான கேஸ். ரெண்டும் ஒரே சைஸ்ல இருக்கு."

"ஏம்மா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே ஊசி பிடிச்சவன் நான்."

நகர்ந்தேன். வேறென்ன செய்ய? ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். இளம் தாய் பெறுகிற மகள் சின்னதாக இருப்பாள், கண்டுபிடித்துவிடலாம். வயதான தாய் பெறுகிற மகள் கிட்டத்தட்ட தாய் அளவுக்கே இருப்பாள். வில்லங்கம் அங்கேதான். புரொபசர் உட்கார்ந்தார், விருந்தாளியைப் பார்த்துச் சிரித்தார், ஊசியைப் பிடித்தார், ஏதோ பழைய கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே நகர்த்தினார். "ஆச்சு" என்றார். எல்லாரும் கை தட்டினோம். போட்டோ எடுத்தார்கள். மறுநாள் அந்த போட்டோவைச் சட்டம் போட்டு, வார்டுக்கு எதிர்ச் சுவரிலேயே மாட்டிவிட்டார்கள்.

அதற்கு முன்னால் மகாராணி தள்ளாடிக்கொண்டிருந்தாள். ஒன்று பெற இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வாள். அப்புறம் என்ன ஆயிற்றோ, சுறுசுறுப்பு வந்துவிட்டது. பழையபடி ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்று. புரொபசருக்குத் தலைகால் புரியவில்லை. "இளமை திரும்புதும்மா, இளமை திரும்புது" என்று நடைபாதையில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். போன் மேல் போன் போட்டார். ஆய்வகத்துக்கு அடுத்த கட்ட நிதி கொடுப்பது பற்றி முடிவு செய்ய ஒரு கமிட்டி வருவதாக இருந்தது. ஒரு நிரந்தர வேலை கொடுப்பதும் அவர்கள் கையில்தான். என்னைக் கூப்பிட்டு, "ராணி நின்னா உன் வேலையும் நின்ன மாதிரி" என்றார்.

அன்றிலிருந்து மகாராணியை என் சொந்த மகளைப் போலப் பார்த்துக்கொண்டேன். ஃபிரிட்ஜில் வைக்கும்போது தூங்கு என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். சிரிக்காதீர்கள். வருஷா வருஷம் நீட்டிப்புக்குக் காத்திருந்து பார்த்தால் தெரியும்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு நாள் லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கிழட்டு செல் என்றால் உப்பிப் பெருத்து, உள்ளே மணல் மணலாக, மேல் தோல் கரடுமுரடாக இருக்கும். இவள் வழுவழுவென்று, சிக்கென்று இருந்தாள். தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டால் இளமையாகத் தெரியலாம், உயரம் குறையுமா? யாரிடமும் மூச்சு விடவில்லை.

பஸ்ஸில் என் நாத்தனார்தான் ஆரம்பித்தாள்.

"அண்ணி, ராணி கொஞ்சம் சின்னதாயிட்ட மாதிரி இல்ல?"

"நீ சும்மா இரு. கண்ணு வைக்காத."

"நான் ஏன் கண்ணு வைக்கறேன்? யாரோ அம்மாவைத் தள்ளிட்டு மகளை வெச்சிருக்காங்கன்னு தோணுது."

"யாரோன்னா யாரு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அது எப்பேர்ப்பட்ட திரும்பல் என்று நாத்தனார் இருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் வெடித்தது.

"உன் ஷிஃப்ட்ல நடந்திருக்கும். காலைல தூக்கக் கலக்கத்துல வந்து உக்காருவ" என்றேன்.

"எனக்கா தூக்கக் கலக்கம்? நீங்கதான் மத்தியானம் சாப்பிட்டதும் மைக்ரோஸ்கோப் மேலயே சாமியாடுவீங்க."

என் கணவர் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கண்ணுக்கே தெரியாத ஒரு ஜந்துக்காக மாமியாரும் மருமகளும் மாதிரி சண்டை போட்டுக்கறீங்களே. எதுக்கு வம்பு, ரெண்டு பேரும் சேர்ந்து போய்ப் பாத்துட வேண்டியதுதானே?" என்றார்.

"நீங்க பேசாதீங்க" என்று அவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் கிடைத்தது. அவர் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

பார்க்க வழி இருந்தது. அதுதான் கஷ்டமே. ஒரு சாயம் இருக்கிறது. அதைப் போட்டு, புற ஊதா வெளிச்சத்தில் வைத்தால், தழும்புகள் எல்லாம் நீல வளையமாக ஒளிரும். எண்ணிவிடலாம். தழும்பு பொய் சொல்லாது. ஆனால் அதற்கு ராணியைத் தட்டிலிருந்து எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்துச் சாயத்தில் முக்கி, அந்த வெளிச்சத்தில் வாட்ட வேண்டும். அதோடு அவள் கதை முடிந்தது. அவள் நிஜமான ராணியாக இருந்துவிட்டால், உலகத்திலேயே அதிகம் பெற்ற தாயைக் கையாலேயே கொன்ற பாவம் என்னைச் சேரும். என் வேலையும் அவளோடு போகும்.

புரொபசரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "சார், ஒரு தடவை சாயம் போட்டு உறுதி பண்ணிட்டா நல்லதில்லையா?"

"பைத்தியமா உனக்கு? கமிட்டி வந்து கண்ணால பாக்கணும். அதுவரைக்கும் யாரும் அவளைத் தொடக் கூடாது."

சரி, பெரியவரே சொல்லிவிட்டார், நமக்கென்ன என்று இருந்துவிடலாம். இருக்கத்தான் நினைத்தேன். கமிட்டி வந்து பார்த்து ஆஹா என்பார்கள், என் கையில் நிரந்தர வேலைக்கான ஆணையைக் கொடுப்பார்கள். அப்புறம்? இன்னொரு ஊரில் ஒரு பெண் இதே ஜீனை வெட்டி, இதே மாதிரி உட்கார்ந்து, கண் பூத்துப்போக எண்ணிப் பார்த்து, தனக்கு வரவில்லையே, தன் கைதான் சரியில்லையோ என்று அழுவாள். அவள் முகம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் சோறு இறங்கவில்லை. அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. அவ்வளவு வேண்டியிருந்ததே எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

கமிட்டி வருகிற அன்று காலை, வீட்டில் கோவில்... இல்லை, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வழக்கமான பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைப் பிடித்தேன். பொய் சொல்லக்கூட எனக்கு ஒழுங்காக வராது. பிரசவ வார்டில் ஏற்கனவே விளக்கு எரிந்தது. உள்ளே என் நாத்தனார், சாயக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ ஏன் இவ்வளவு சீக்கிரம்?" என்றேன்.

"நீங்க ஏன் இவ்வளவு சீக்கிரம்? கடைக்குப் போறதா அண்ணன்கிட்ட சொன்னீங்களாமே, இப்பதான் போன்ல சொன்னாரு."

"நீ எங்க போறதா சொன்ன?"

"நடைப்பயிற்சி."

அவள் என் ஷிஃப்ட்டில்தான் தப்பு என்று நிரூபிக்க வந்திருக்கிறாள். நான் அவள் ஷிஃப்ட்டில்தான் தப்பு என்று நிரூபிக்க வந்திருக்கிறேன். அவளைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கதவில் அறுபத்தொன்று என்று எழுதியிருந்தது. அது நேற்றைய கணக்கு.

கணக்கு ரொம்ப எளிது. இவள் நிஜ ராணி என்றால் அறுபத்தொரு தழும்பு இருக்க வேண்டும். நடுவில் மாறிப்போன மகள் என்றால், மாறிய பிறகு பெற்றதற்கு மட்டும்தான் தழும்பு இருக்கும். எத்தனை குறைகிறதோ, அதிலிருந்து எந்தப் பிரசவத்தில் மாறினாள் என்பது தெரிந்துவிடும். எந்தப் பிரசவம் என்று தெரிந்தால் யார் கை என்று தெரிந்துவிடும். இருவருக்கும் இது தெரியும்.

ஊசியால் அவளை நான் எடுத்தேன். சாயத்தை அவள் விட்டாள். விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா வெளிச்சத்தைப் போட்டோம். கறுப்பில் ஒரு நீலப் பந்து, அதன் மேல் சின்னச் சின்ன வளையங்கள், ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு. அழகாகத்தான் இருந்தாள், கள்ளி. அறுபத்தொன்று இல்லை என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. என் வேலை அந்த நிமிஷமே என் கையை விட்டுப் போனது மாதிரி இருந்தது.

"உரக்க எண்ணக் கூடாது. தனித்தனியா எண்ணுவோம்" என்றாள் நாத்தனார்.

நான் ஃபோகஸை ஏற்றி இறக்கி, முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் எண்ணினேன். அப்புறம் அவள் எண்ணினாள்.

"இருபத்தொண்ணு" என்றேன்.

"இருபத்திரெண்டு" என்றாள்.

"எண்ணத் தெரியல உனக்கு."

"உங்களுக்குத்தான் தெரியல. அந்த ஓரத்துல மங்கலா, பெருசா ஒண்ணு இருக்கே, அதை விட்டுட்டீங்க."

மறுபடி பார்த்தேன். "அடிப் பாவி, அது தொப்புளுடி. அவ பொறந்தப்போ அவ அம்மாகிட்ட ஒட்டிட்டு இருந்த இடம். அதைப் போய் பெத்த கணக்குல சேக்கறியே."

அவளும் மறுபடி பார்த்தாள். "சரி, தொப்புள்தான்" என்றாள். கல்யாணமாகி வந்த நாளாக அவள் என்னிடம் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அறுபத்தொன்றில் இருபத்தொன்று போனால் நாற்பது. நாற்பதாவதாகப் பிறந்த மகளை வைத்துக்கொண்டு தாயைத் தள்ளியிருக்கிறார்கள். விளக்கைப் போட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், சுவரில், ஊசியும் சிரிப்புமாகப் புரொபசர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் அவள்தான் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. எனக்கும் தொற்றிக்கொண்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். அப்புறம் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு நின்றது.

"இப்ப யாரு சொல்றது அவர்கிட்ட?" என்றாள்.

"வேற யாரு? தற்காலிகமா இருக்கறவதான். போனாலும் சீக்கிரம் போயிடலாம்" என்றேன்.

புரொபசர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் அறைக்குப் போய், நின்றுகொண்டே சொன்னேன். ராணியைத் தொட்டதைச் சொன்னேன், தழும்பைச் சொன்னேன், எண்ணிக்கையைச் சொன்னேன். எண்ணிக்கையைச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகம் சுண்டிப்போயிற்று.

"எண்ணினது சரிதானா?" என்றார்.

"நாங்க ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணினோம் சார்."

"ரெண்டு பேரும் ஒத்துப்போனீங்களா?"

"ஆமா சார்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார், தனக்குள் சொல்லிக்கொள்வது போல. அப்புறம், "நான் பேசிக்கறேன், நீ போ" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கமிட்டியில் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்த தலைவி, கண்ணாடியைத் தலை மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, அதைப் பையில் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் கடைசி வரிசையில். புரொபசர் எழுந்து நின்று, ராணியின் முடிவைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். எனக்கு நெஞ்சு லேசானது. மனுஷன் நல்லவர்தான் என்று நினைத்தேன். நினைத்து முடிக்கக்கூட விடவில்லை.

"கையாள்றதுல ஒரு சின்னத் தவறு நடந்துடுச்சு" என்றார். "தற்காலிகப் பணியாளர் ஷிஃப்ட்ல நடந்தது. இந்த மாதிரி வேலைல இதெல்லாம் சகஜம்."

பொய் என்று சொல்ல முடியாது. என் ஷிஃப்ட்தான். நாற்காலியும் என்னுடையதுதான். தலைவி, "யார் அந்தப் பணியாளர்?" என்று கேட்க, புரொபசர் என் பக்கம் லேசாகக் கையைக் காட்டினார். மூன்று தலையும் திரும்பி என்னைப் பார்த்தது. குழம்பில் உப்புக் குறைவு என்று சொன்னதற்கே ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் நான். பஸ்ஸில் காலை மிதித்தவனை இரண்டு ஸ்டாப் வரைக்கும் திட்டியவள் நான். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் கண் நோகப் பார்த்த வேலை, கடைசியில் கையாலாகாதவள் என்ற பெயரோடு முடிகிறதே என்று மட்டும் நினைத்தேன்.

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. என் நாத்தனார் எழுந்து நின்றாள்.

"மேடம், ஷிஃப்ட் எங்க அண்ணியோடது. கை சாரோடது" என்றாள்.

புரொபசர், "நீ உக்காரும்மா" என்றார். அவள் உட்காரவில்லை.

"அன்னிக்கு விருந்தாளி முன்னாடி சார்தான் ஊசியை வாங்கினாரு. கஷ்டமான கேஸ்னு அண்ணி சொல்லவும் சொன்னாங்க, நான் பக்கத்துலதான் நின்னேன். மேடம், எங்க அண்ணிக்குக் கோபம் ஜாஸ்தி. வாயும் ஜாஸ்தி. வீட்ல நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். ஆனா இவங்க கைல இதுவரைக்கும் ஒரு செல்லு மாறினதில்ல. அவங்க ஷிஃப்ட் முடிஞ்சதும் அவங்க தட்டை நான் தினம் ஒளிஞ்சு எடுத்துப் பாப்பேன். ஒரு தப்பாவது கண்டுபிடிக்கணும்னு அஞ்சு வருஷமா பாத்துட்டு இருக்கேன். ஒண்ணுகூட மாட்டல மேடம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புரொபசர் கையிலிருந்த தாளை மேஜை மேல் வைத்தார். அப்புறம், "ஆமா. அது என் கைதான்" என்றார். "அதை நானே சொல்லியிருக்கணும்." அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் தலைவி என்னிடம் ஏதோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை.

"மூக்கைத் தொடைங்க அண்ணி, உங்களைத்தான் கேக்கறாங்க" என்று நாத்தனார் கிசுகிசுத்தாள்.

எழுந்தேன். நிஜமான ராணி எங்கே என்று கேட்டிருக்கிறார்.

"குவியல்ல இருக்கா மேடம். அவ பெத்த கூட்டத்துலயே கலந்துட்டா, இனிமே பிரிச்சு எடுக்க முடியாது" என்றேன். குரல் முதலில் பிசிறியது, அப்புறம் சரியாகிவிட்டது. "ஆனா நாப்பது பெத்தது நிஜம். அதுவே மத்தவங்களை விட எவ்வளவோ அதிகம். அவளோட டி.என்.ஏ.ல ஏதாவது புதுசா மாறினதால அப்படி வாழ்ந்தாள்னா, அது நகல் எடுத்து எல்லா மகளுக்கும் போயிருக்கும். குப்பை போகாது, அது போகும். அவ பொண்ணுங்கள்ல கொஞ்சம் பேரை எடுத்து முதல்ல இருந்து எண்ணினா தெரிஞ்சுடும். குவியல்ல ஒரு பங்கை உறைய வெச்சு எடுத்து வெச்சிருக்கேன்."

"உங்களை வைக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல மேடம். தூக்கிப் போட மனசு வரல."

தலைவி தலை மேலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து, கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு, என்னை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர்களிடம் தணிந்த குரலில் பேசினார். பிறகு புரொபசரிடம், "அந்தப் பொண்ணுங்களை எண்ணுங்க, நிதிக்கு நான் எழுதறேன். நிரந்தர வேலைக்கும் இவங்க பேரையே எழுதறேன். உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார். புரொபசர் இல்லை என்று தலையாட்டினார். நன்றாகவே ஆட்டினார், அதையும் சொல்ல வேண்டும்.

நாற்காலியைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். தலைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடா?"

"ஆமா மேடம்" என்றேன்.

"வீட்லயும் ஒண்ணா இருந்து, இங்கயும் ஒண்ணா வேலை பாக்க முடியுதா?"

நானும் என் நாத்தனாரும் ஒரே குரலில் சொன்னோம்.

"முடியல மேடம்."